பணிமூப்புப்படி ஒரு மேசை ரம்பம்

டுவேன் ஹக்காலாவுக்கு அவர் மனைவி ஆர்டிஸ் இழைத்த அநீதிகளைக் காலவரிசைப்படிதான் சொல்ல வேண்டும். இரும்புச் சுரங்கத்தில் தொழிற்சங்கத்தின் முறையீட்டுச் செயலாளராக இருந்தவர் அவர். வரிசை தப்பினால் வழக்கு தள்ளுபடியாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

முதல் அநீதி, கல்யாணமான முதல் குளிர்காலத்திலேயே நடந்தது. அவர் தம் கையால் கட்டிய நீராவிக் குளியல் அறையில் ஆர்டிஸ் ஊறுகாய் ஜாடிகளை அடுக்கினாள். பின்லாந்துக்காரன் பேரனுக்கு நீராவி அறை என்பது கோயில். கோயிலுக்குள் வெள்ளரிக்காய் புகுந்தது. இன்றுவரை வெளியேறவில்லை.

இரண்டாவது, துண்டறிக்கை அச்சடிக்கும் கைச்சுற்று யந்திரத்தை சர்ச் சந்தைக்குத் தானமாகக் கொடுத்தது. ஒரு காலத்தில் சுரங்க நிர்வாகத்தையே தூங்கவிடாமல் அடித்த யந்திரம். இப்போது மீன் விருந்துக்கு அறிவிப்பு அடிக்கிறது.

மூன்றாவது, அவர் பென்ஷன் வாங்கி வீட்டில் உட்கார்ந்த புதிதில், சமையலறையைச் சீர்திருத்த அவர் தயாரித்த விரிவான கோரிக்கை மனுவில் உருளைக்கிழங்குத் தோலைச் சுருட்டி எறிந்தது. பேச்சுவார்த்தைக்குக்கூட அழைக்கவில்லை.

நான்காவது, அவர் செய்த முதல் புத்தக அலமாரி. அதன் மேல்தட்டில், விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஆர்டிஸ் ஒரு கோலிக்குண்டை வைத்தாள். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. குண்டு தானே உருண்டு, தானே விழுந்து, சொல்ல வேண்டியதைத் தானே சொன்னது.

ஐந்தாவது அநீதிதான் இந்தக் கதை.

அந்தக் கோலிக்குண்டு டுவேனின் மனசுக்குள் இன்னும் உருண்டுகொண்டிருந்தது. தவறு உழைப்பாளியினுடையது அல்ல, கருவியினுடையது என்று அவர் தீர்ப்பு எழுதினார். அலமாரிப் பலகைகளை அவர் அறுத்தது பக்கத்து வீட்டு ஜீனோவிடம் இரவல் வாங்கிய கைரம்பத்தால். உற்பத்திச் சாதனம் சொந்தமாக இல்லாதவன் நேர்க்கோட்டில் அறுக்க முடியாது என்பது வரலாறு. ஆகவே சொந்தமாக ஒரு மேசை ரம்பம் வேண்டும். பலகையைத் தள்ளினால் போதும், நடுவில் சுழலும் வட்டத்தகடு கோடு பிசகாமல் அறுத்துக் கொடுக்கும். அதற்கு ஒரு பட்டறை வேண்டும். பட்டறைக்குக் கார் ஷெட்டைத் தவிர வேறு இடம் கிடையாது.

இங்கேதான் வர்க்கப் போராட்டம் கூர்மையடைகிறது. மின்னசோட்டாவின் இரும்பு ஊர்களில் ஜனவரி மாதம் வெளியே நிற்கும் வண்டியை வண்டி என்று சொல்வது மரியாதைக்காகத்தான். எஞ்சின் உறைந்துபோகாமல் இருக்க இரவு முழுதும் மின்சார வயர் மாட்டிச் சூடேற்ற வேண்டும். டுவேனின் பிக்கப் டிரக் வருஷக்கணக்காக வாசலில்தான் நின்றது, மூக்கில் வயர் தொங்க, மூக்கணாங்கயிறு பூட்டிய மாடு மாதிரி. ஷெட்டில் ஒரு காருக்குத்தான் இடம். அந்த இடத்தில் ஆர்டிஸின் கார் போர்வை இல்லாமலே கதகதப்பாகத் தூங்கியது.

வீடு ஆர்டிஸின் அப்பா கட்டியது. டுவேன் வீட்டோடு மாப்பிள்ளை. இந்தச் சொல்லை அவர் முன்னால் ஒரு தடவை சொன்னவர்கள் உண்டு. இரண்டாவது தடவை சொன்னவர்கள் இல்லை.

ரம்பம் பார்க்க ஜீனோவையும் கூட்டிக்கொண்டு போனார். ஜீனோ சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கக் கூட்டங்களில் டுவேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே காது மந்தமானவர். கடைக்காரர் முதலில் ஒரு மடக்கு ரம்பத்தைக் காட்டினார். வேலை முடிந்தால் காலை மடக்கிச் சுவரோரம் உருட்டிவிடலாம். சுழலும் தகட்டில் விரல் பட்டால், பட்ட அந்தக் கணமே தகடு நின்றுவிடுமாம். நிரூபிப்பதற்காக, தகட்டை ஓடவிட்டு, விரல் தடிமனில் இருந்த ஒரு இறைச்சி சாசேஜை நீட்டினார். படார் என்று ஒரு சத்தம். தகடு நின்றது. சாசேஜில் நகக்கீறல்தான்.

ஜீனோ தம் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார். டுவேன் மசியவில்லை.

"ஒரு சாசேஜைப் பார்த்துப் பயந்து நிக்கற ரம்பம் எனக்கு எதுக்கு?"

அவர் கண் மூலையில் நின்ற பெரிய ரம்பத்தின் மேல் இருந்தது. வார்ப்பிரும்பு மேடை. மூன்று குதிரைசக்தி. தனி மின்கம்பி இழுக்க வேண்டும். ஒருமுறை வைத்தால் வைத்ததுதான், அதை நகர்த்த வேண்டுமானால் ஒரு சிறு புரட்சியே நடக்க வேண்டும். டுவேன் அதன் மேல் உள்ளங்கையைப் பதித்தார். குழந்தையின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பவர்கூட அவ்வளவு மென்மையாகக் கை வைக்க மாட்டார்.

"இந்த இரும்பு நான் தோண்டினது, ஜீனோ."

"தைவான்னு போட்டிருக்குப்பா."

"தைவானுக்கு எங்கேருந்து போச்சு?"

ஜீனோ விலைச்சீட்டைப் படிக்கத் தொடங்கினார். டுவேனிடம் வாதம் வளர்த்தால் கடையடைப்பில்தான் முடியும் என்பதை அவர் சங்கத்தில் கற்றிருந்தார்.

ரம்பத்தகட்டின் மேல் ஒரு காப்பு மூடி இருந்தது. வாங்கியதும் முதல் வேலையாக அதைக் கழற்றிவிட வேண்டும் என்று டுவேன் சொன்னார். அறுப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டுமாம். ஊரில் ஷெட்டில் ரம்பம் வைத்திருக்கிற ஆண்பிள்ளை எவனும் மூடியோடு அறுப்பதில்லையாம். இதே டுவேன்தான், கன்வேயர் பெல்ட்டுக்கு மூடி போடவில்லை என்று சுரங்கத்தையே நிறுத்தியவர். சுரங்கத்தில் மூடி தொழிலாளியின் பிறப்புரிமை. வீட்டில் மூடி ஆண்மைக்கு இழுக்கு. இரண்டு கொள்கைக்கும் ஒரே தலைதான் இடம் கொடுத்தது. பெரிய தலை.

வீட்டுக்கு வந்தபோது ஆர்டிஸ் வால்நட் சுருள் ரொட்டியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் தலைமைச் சமையல்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். கத்தியை அவள் பிடிக்கும் விதத்தைப் பார்த்தால் யாரும் வாதத்தைக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் தொடங்குவார்கள். ரொட்டிக்கு அடியில் ஒரு புதுப் பலகை இருந்தது. வெளிர் மரமும் கறுப்பு மரமும் பட்டை பட்டையாக ஒட்டியது. டுவேன் ரொட்டியை விட்டுவிட்டுப் பலகையைத் தடவினார். ஒட்டின இடத்தில் நகம்கூட நுழையவில்லை.

"இது ஏது?"

"செவ்வாய்க்கிழமை போற எடத்துல கெடைச்சுது."

செவ்வாய்க்கிழமை மாலைகளில் ஆர்டிஸ் தன் தோழி பெவ்வோடு எங்கோ போவாள். துணி ஒட்டுப்போர்வை தைக்கத்தான் போகிறாள் என்று டுவேன் தாமே முடிவு செய்து வைத்திருந்தார். கேட்டதில்லை. தலைமைக்கு எல்லாம் தெரியும்.

"இதைப் பண்ணினவன் கையில ரம்பம் இருக்கு, பாரு. பெரிய ரம்பம். வார்ப்பிரும்பு. மடக்கு ரம்பத்துல ஜென்மத்துக்கும் இப்படி வராது."

"அப்படியா?"

"எழுதி வெச்சுக்கோ."

"ஞாபகத்துல வெச்சுக்கறேன்," என்றாள் ஆர்டிஸ்.

நேரம் கனிந்துவிட்டது என்று நினைத்து டுவேன் பிரகடனத்தை வெளியிட்டார். ஷெட்டில் மேசை ரம்பம் வரப்போகிறது. பழைய சமையலறை அலமாரிகள் போய்ப் புதியவை வரும். கதவு கிறீச்சிடாது. இழுப்பறை சிக்காது. உழைக்கும் மக்களின் சமையலறை எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கும்.

"வீட்டுல ஏற்கெனவே ஒரு ரம்பம் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு," என்றாள் ஆர்டிஸ்.

"பேச்சை மாத்தாதே."

"சரி, மாத்தலை. என் காரு எங்க நிக்கும்?"

"வெளியே. என் வண்டி நிக்கலையா?"

"உன் வண்டி காலையில கெளம்பறதுக்குள்ள நீ எல்லா சாமியையும் கூப்பிட்டுடறே. சாமியே இல்லேங்கற ஆளு."

டுவேன் தோளைக் குலுக்கினார். ஆர்டிஸ் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். குரலில் கோபம் இல்லை. அதில்தான் அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

"நான் வேண்டாம்னா, நிர்வாகத்தோட அடக்குமுறைம்பே. சாகற வரைக்கும் முறையீடு போட்டுக்கிட்டே இருப்பே. சரின்னா, ஜனவரியில நான் பனியை வெட்டி காரை எடுக்கணும். உங்க சங்கத்துல இப்படி ஒரு தகராறு வந்தா என்ன பண்ணுவீங்க?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. டுவேனின் நெஞ்சு விம்மியது. காப்பி ஆறி, மறுபடி சூடாகி, மறுபடி ஆறும் வரை அவர் விளக்கினார். சுரங்கத்துக்குப் புது மிஷின் வந்தால், அதற்கு ஆள் தேவை என்று பலகையில் அறிவிப்பு ஒட்டுவார்கள். விருப்பமுள்ளவர்கள் விண்ணப்பம் போடலாம். வேலை தெரிந்தவர்களில் யாருக்குப் பணிமூப்பு அதிகமோ அவருக்குத்தான் மிஷின். மேஸ்திரியின் மச்சான், மாமன் பருப்பெல்லாம் வேகாது. அதற்காகச் சிந்திய ரத்தம் கொஞ்சநஞ்சமல்ல. நிஜத்தில் சிந்தியது பெரும்பாலும் மூக்குச்சளிதான், போராட்டம் பிப்ரவரியில் நடந்தது.

ஆர்டிஸ் மோவாயில் கை வைத்துக் கேட்டாள். நடுவில் ஒன்றிரண்டு சந்தேகம்.

"எந்த மிஷின் வாங்கறதுன்னு யார் சொல்றது?"

"ஓட்டறவந்தான் சொல்லணும். தெரியாத அதிகாரி வாங்கிப் போட்டா ஓட்டறவன் கைதானே போகும்."

"எங்க வைக்கறது?"

"அதுவும் ஓட்டறவன் இஷ்டம்."

"அப்ப அதையெல்லாம் எழுதிடு. பின்னால தகராறு வேண்டாம்."

டுவேன் அன்றைக்கே எழுதினார். ஷெட்டில் வரவிருக்கும் மேசை ரம்பத்துக்குப் பொறுப்பாளர் தேவை. ரம்பத்தைத் தேர்ந்தெடுப்பது, வைக்கும் இடம், ஓட்டும் முறை மூன்றிலும் பொறுப்பாளர் சொல்லே முடிவு. தகுதி: வேலை தெரிந்திருக்க வேண்டும். தேர்வு பணிமூப்புப்படி. சங்க ஒப்பந்த விதிகளே இங்கும் விதிகள். சனிக்கிழமை மத்தியானம் சாட்சிகள் முன்னிலையில் உறை பிரிக்கப்படும். கீழே கையெழுத்து.

வேலை தெரிந்திருக்க வேண்டும் என்ற வரியை எழுதும்போது அவர் தமக்குள் சிரித்துக்கொண்டார். ஒருவேளை ஆர்டிஸ் விளையாட்டுக்கு விண்ணப்பம் போட்டாலும் அந்த வரியில் இடறி விழுவாள். அறிவிப்பைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜ் கதவில் மீன் வடிவக் காந்தத்தால் ஒட்டினார். ஒருவரே நிற்கும் தேர்தலானாலும் பெட்டிக்குப் பூட்டு வேண்டும், அதுதான் ஜனநாயகம் என்று ஜீனோவிடம் சொன்னார். வெள்ளிக்கிழமை ஷெட்டுக்குள் போய், பெரிய ரம்பம் நிற்கப்போகும் இடத்தைச் சாக்பீஸால் வரைந்தார். கோடு ஆர்டிஸின் காருக்கு அடியில் போயிற்று. குப்புறப் படுத்துக்கொண்டே வரைந்தார்.

சனிக்கிழமை சமையலறை மேசையைச் சுற்றி நால்வர் உட்கார்ந்தார்கள். டுவேன், ஆர்டிஸ், சாட்சிகளாக ஜீனோவும் பெவ்வும். மேசைக்கு அடியில் நாய் படுத்திருந்தது. நடுவில் அந்தப் புதுப் பலகையில் சுருள் ரொட்டி. டுவேன் தம் பழைய கூட்டச் சுத்தியலால் மேசையைத் தட்டி அவையை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். விண்ணப்ப உறையைப் பிரிக்கும்படி ஜீனோவைக் கேட்டுக்கொண்டார்.

உறைகள் இரண்டு இருந்தன.

"எதுக்கு ரெண்டு?" என்றார் டுவேன்.

"ஒண்ணு உன்னுது," என்றாள் ஆர்டிஸ்.

டுவேன் பெருந்தன்மையோடு புன்னகைத்தார். ஜனநாயகத்தில் சிறுபான்மைக்கும் இடம் உண்டு. ஆனால் விதி விதிதான், மூப்பு பார்த்துத்தானே ஆக வேண்டும் என்றார். பார்க்கத்தான் வேண்டும் என்று ஆர்டிஸும் ஒத்துக்கொண்டாள். எதில் மூப்பு, தச்சு வேலையிலா என்று பெவ் கேட்டாள். ஆமாம் என்று டுவேன் சொல்ல வாயெடுத்தார்.

"வாசலைத் தாண்டிய நாளே கணக்கு," என்று ஆர்டிஸ் மனப்பாடமாகச் சொன்னாள். "எந்தப் பிரிவில், எந்த வேலையில் என்பது கணக்கல்ல. இதை எழுதினது யாரு, டுவேன்?"

எழுதியது டுவேன்தான். அந்தப் பிப்ரவரிப் போராட்டமே அந்த ஒரு வரிக்காகத்தான். வேறு குழியிலிருந்து மேலாளரின் மச்சான் ஒருவனைக் கொண்டுவந்து, இந்தப் பிரிவு வேலையில் இவனே மூத்தவன் என்று நிர்வாகம் தலையில் கட்டப் பார்த்தது. சுரங்க வாசலில் பீப்பாயில் விறகெரித்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். வரி வென்றது. அதை இதே மேசையில் இரவோடிரவாகத் தட்டச்சு செய்து கொடுத்தவள் ஆர்டிஸ். டுவேன் சொல்லச் சொல்ல மூன்று தடவை திருத்தி அடித்தாள். அப்படி அடித்தது ஆயுசுக்கும் மறக்காது.

"அது சுரங்கத்துக்கு," என்றார் டுவேன்.

"சங்க ஒப்பந்த விதிகளே இங்கும் விதிகள். ஃபிரிட்ஜைப் பாரு. உன் கையெழுத்துதான்."

டுவேன் ஃபிரிட்ஜைப் பார்க்கவில்லை.

"நான் இந்த வாசலைத் தாண்டக்கூட இல்லை," என்று ஆர்டிஸ் தொடர்ந்தாள். "உள்ளயே பொறந்தேன். பனிப்புயல்ல ரோடு அடைச்சு டாக்டர் வரலை. மாடி ரூம்ல. நீ எப்ப வந்தே? ஜீனோ, இவன் பெட்டியோட வந்தப்ப கூட யாரு வந்தா?"

ஜீனோ ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் உதவி ஏதும் இல்லை.

"நான்தான்," என்றார். "பெட்டியோட ஒரு பக்கத்தைத் தூக்கிட்டு வந்தேன்."

"நீ யார் பக்கம், ஜீனோ?"

"அந்த வரிக்காகத்தாம்பா நான் பீப்பாய்கிட்ட நின்னு காது வெறைச்சுப் போனேன். இப்ப இல்லேன்னு எப்படிச் சொல்றது?"

தோழனே கைவிட்ட பிறகு ஒரு தலைவனுக்கு மிச்சமிருப்பது விதிமுறை ஒன்றுதான். டுவேன் சுத்தியலைத் தட்டினார். தகுதி, என்றார். வேலை தெரிந்திருக்க வேண்டும். மூப்பு வானத்தைத் தொட்டாலும் வேலை தெரியாதவர் கையில் மிஷினைக் கொடுக்க முடியாது. அதுவும் அதே ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது.

ஆர்டிஸ் பலகையில் மிச்சமிருந்த ரொட்டித் துண்டுகளைத் தட்டுக்கு மாற்றினாள். துகள்களை உள்ளங்கையால் கூட்டித் தள்ளினாள். பலகையைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள். அடிப்பக்கம் மூலையில் சூட்டுக்கோலால் சின்னதாக எழுதியிருந்தது: ஆர்டிஸ் ஹக்காலா.

"நான் சமைச்ச பள்ளிக்கூடம்தான்," என்றாள். "தச்சுக்கூடம் சமையல்கட்டுக்கு அடுத்த ரூம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெரியவங்களுக்குச் சொல்லித் தராங்க."

"இதைப் பண்ணினவன் கையில பெரிய ரம்பம் இருக்குன்னு நீ சொன்னியாமே," என்றாள் பெவ். "நாங்க அறுத்தது மடக்கு ரம்பத்துல. வெரல் பட்டா நின்னுடுமே, அது."

டுவேன் பலகையின் ஒட்டில் மறுபடி நகத்தை வைத்துப் பார்த்தார். இந்தத் தடவையும் நுழையவில்லை. மேல்முறையீடு செய்வேன் என்றார். தாராளமாகச் செய்யலாம் என்றார் ஜீனோ, ஆனால் ஒப்பந்தப்படி முறையீட்டின் முதல் படி அந்த மிஷினின் பொறுப்பாளரிடம்தான் போக வேண்டும். ஆர்டிஸ் மனுவுக்காகக் கையை நீட்டினாள். டுவேன் அதில் எதையும் வைக்கவில்லை.

பொறுப்பாளர் தன் முதல் முடிவுகளை அங்கேயே அறிவித்தாள். சாசேஜைப் பார்த்து நிற்கும் மடக்கு ரம்பம்தான் வாங்கப்படும். வேலை முடிந்தால் சுவரோரம் போகும். கார் இருக்கிற இடத்தில் இருக்கும். காப்பு மூடியில் யாராவது திருப்புளியை வைத்தால் அன்றோடு அவருக்கு ஷெட்டில் வேலை இல்லை. தொழிலாளியின் பாதுகாப்பில் சமரசம் கிடையாது என்று முடித்தாள். டுவேன் மே தின மேடைகளில் முழங்கிய அதே வாசகம், ஒரு சொல் பிசகவில்லை. அதையும் அவள்தான் தட்டச்சு செய்தவள்.

பிறகு எழுந்துபோய் ஃபிரிட்ஜில் மீன் காந்தத்துக்கு அடியில் இன்னொரு தாளைச் செருகினாள். உதவியாளர் தேவை. பலகையின் மறுமுனையைப் பிடிப்பது, மரத்தூள் கூட்டுவது, பனிக்காலத்தில் ஷெட் வாசலை வெட்டிச் சுத்தம் செய்வது. விதிகள் முன் சொன்னவையே.

யாரும் விண்ணப்பிக்கவில்லை. டுவேன் கைகளைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார். அது வேலைநிறுத்தம் என்பது எல்லோருக்கும் புரிந்தது.

"யாருமே போடலேன்னா என்ன பண்றது?" என்று பெவ் கேட்டாள்.

"மூப்புல கடைசி ஆளைக் கட்டாயமாப் போடலாம்," என்றார் ஜீனோ. குரல் தாழ்ந்திருந்தது. "அதுவும் நம்ம விதிதான்."

டுவேனின் முகத்தில் சட்டென்று வெளிச்சம் வந்தது. ஒரு முழு வாழ்நாளின் போராட்ட அனுபவமும் அந்த ஒரு கணத்தில் அவருக்குக் கைகொடுத்தது. மேசைக்கு அடியில் குனிந்து விரலை நீட்டினார்.

"நாய். நாய் எனக்கப்புறம் வந்தது."

எல்லோரும் நாயைப் பார்த்தார்கள். நாய் ரொட்டியைப் பார்த்தது. ஜீனோ மோவாயைச் சொறிந்தார். வாதத்தில் ஓட்டை இல்லை என்று ஒத்துக்கொண்டார்.

ஆர்டிஸ் கதவுக்குப் பின்னாலிருந்து துடைப்பத்தை எடுத்து வந்து நாயின் முன்னால் கிடத்தினாள். நாய் அதை மோந்து பார்த்தது. தலையைப் பாதத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

"தகுதின்னு ஒரு வரி எழுதினியே, டுவேன்," என்றாள்.

சங்கத்தில் நியமனத்தை உட்கார்ந்துகொண்டு வாசிக்கும் வழக்கம் இல்லை. ஜீனோ எழுந்து நின்றார். மூக்குக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டார். பெவ்வுக்கும் நாய்க்கும் தெளிவாகக் கேட்கும்படி வாசித்தார்:

"டுவேன் ஹக்காலா."